கேள்வி – பதில்: இருபதடிக் கடைக்குள் நாற்பத்திரண்டு படம்

ஒரு மாலைநேரம், ஒரு தெரு. அந்தத் தெருவில் உள்ள கலைக்கூடம், பூட்டிக் கிடந்த கடை, வாசிகசாலை, வீட்டு விறாந்தை எல்லாம் கதவைத் திறந்துவைக்க, சனம் ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்துபோய்ப் படம் பார்ப்பதுதான் கலைநடை. அதைப் பற்றியும், அதற்காக வைக்கப்படும் கூட்டுக் கண்காட்சி பற்றியும் வன்னியிலிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர், எல்லோரும் சித்திரம் படித்தவர்கள். கிளிநொச்சி நகரில் 20 அடிக்கு 30 அடிக் கடையொன்றை இரண்டு வாரத்துக்குத் தர உரிமையாளர் சம்மதித்துவிட்டார். ஆளுக்கு ஏழாக 42 படம் கைவசம் உண்டு. எப்படி ஒழுங்குபடுத்தினால் எல்லாம் கொள்ளும்?
– வாசகர், உருத்திரபுரம்

பதில்: கொள்ளாது. நீங்கள் அளந்தது தரையை, அளக்கவேண்டியது சுவரை. கடையின் சுற்றளவு 100 அடி. அதில் றோலர் கதவுக்கு 10 அடி, பின்கதவுக்கு 3 அடி, மின்மானியும் சுவிட்ச் போட்டும் இருக்கும் துண்டு 3 அடி, நான்கு மூலைகளிலும் இரு பக்கமும் ஒவ்வோர் அடியாக 8 அடி. இவ்வளவும் கழிந்தால் மிச்சம் 76 அடி. ஒரு படம் சராசரி இரண்டரை அடி அகலம், அடுத்த படத்துக்கு முன் ஒன்றரை அடி வெறுஞ்சுவர் என்று வைத்தால் படமொன்றுக்கு 4 அடி போகும். 76ஐ நான்கால் பிரித்தால் 19.

இரண்டு வரிசையாக மேலும் கீழும் மாட்டலாமே என்று நினைப்பீர்கள். சிறிய அச்சுப் படங்களும் கோட்டோவியங்களும் என்றால் ஒரு சுவரில் செய்யலாம். 3 அடிக் கன்வஸ்களை அப்படி அடுக்கினால் சேலைக்கடை மாதிரி இருக்கும். தவிர, நடையில் வருகிறவர் ஓர் இடத்தில் பத்து நிமிடம் நிற்பார். 19 படம் என்றாலே ஒன்றுக்கு அரை நிமிடந்தான் கிடைக்கிறது. 42 என்றால் அவர் எதையும் பார்க்கப்போவதில்லை, சுற்றிவிட்டு வெளியே போவார்.

எனவே முதலில் ஒரு மாதிரி செய்யுங்கள். றெஜிபோம் அல்லது தடித்த மட்டையில் 1:20 அளவில் கடையை வெட்டுங்கள். ஓர் அடிக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர் வரும்; முழுக் கடையும் 45க்கு 30 சென்ரிமீற்றர், ஒரு மேசை மூலையில் அடங்கிவிடும். 42 படங்களையும் கைபேசியில் எடுத்து, அதே அளவில் அச்சிட்டு வெட்டி, குண்டூசியால் சுவர்களில் குத்திக் குத்தி மாற்றுங்கள். இரண்டு மாலை இதில் போனால் நான்கு நாள் ஆணியடிப்பு மிஞ்சும்.

தெரிவில்தான் சண்டை வரும். ஆளுக்கு மூன்று என்று எண்ணிக்கையில் பிரிக்க வேண்டாம். ஒருவர் 6 அடிக் கன்வஸ் வைத்திருப்பார், இன்னொருவர் உள்ளங்கை அளவு மரவெட்டு அச்சு. ஆளுக்கு 12 அடிச் சுவர் என்று நீளத்தில் பிரியுங்கள். அதற்குள் ஒன்றோ எட்டோ அவரவர் விருப்பம். இறுதித் தெரிவை ஆறு பேரில் ஒருவர் செய்யக்கூடாது. வெளியாள் ஒருவரை, ஊர் சித்திர ஆசிரியரையோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் படித்து வந்த ஒருவரையோ கேளுங்கள். ஓவியர்கள் தங்கள் கடைசிப் படத்தைத்தான் தங்கள் சிறந்த படமென்று நினைப்பார்கள்; அது எல்லா ஊரிலும் உள்ள நோய்.

மாட்டாமல் விட்டவற்றைப் பின்னறையில் சாத்திவைத்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் இழுத்துக் காட்டாதீர்கள். பிரேம் போடாத தாள் வேலைகளை மட்டும் ஒரு மேசையில், ஒவ்வொன்றும் தெளிவான பிளாஸ்ரிக் உறைக்குள், நிறுத்தி வைக்கும் பெட்டியில் வையுங்கள். சனம் தானாகப் புரட்டிப் பார்க்கும். விலை குறைந்தவை பெரும்பாலும் அந்தப் பெட்டியிலிருந்தே போகும்.

கேள்வி: படங்களை எந்த உயரத்தில் மாட்டுவது? எங்கள் கடைத் தரை ஒரு பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. சுவர் சீமெந்துக் கல். தங்கூசியில் தொங்கவிட்டால் வேலை சுகம் என்கிறார்கள், சரியா?
– வாசகி, பரந்தன்

பதில்: வீட்டில் அப்பப்பாவின் படத்தைக் கதவு நிலைக்கு மேலே, முன்பக்கம் சரித்து மாட்டுகிறோமே, அது கும்பிடுவதற்கான உயரம். கண்காட்சியில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றருக்குள் நிற்கவேண்டும். 148 என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு அறை முழுவதும் அதையே வையுங்கள். சிறிய படமானாலும் பெரிய படமானாலும் நடுப்புள்ளிதான் ஒரே கோட்டில் வரும். மேல்விளிம்புகள் ஏறி இறங்கத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

தரை தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் தரையிலிருந்து அளக்கக்கூடாது. மேசன்மாரிடம் இருக்கும் மட்டக் குழாயை ஒருநாள் இரவல் வாங்குங்கள். அறையின் நடுத்தரமான ஓரிடத்தில் 148ஐக் குறித்து, குழாய்த் தண்ணீர் மட்டத்தால் அதே உயரத்தை ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோங்கள். குழாய்க்குள் காற்றுக்குமிழ் நின்றால் கணக்குப் பிழைக்கும். முதலில் இரண்டு முனையையும் பக்கத்தில் பிடித்துத் தண்ணீர் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு சோக்குத் தூள் பூசிய நூலை இழுத்துச் சுண்டினால் சுவர் முழுக்க மெல்லிய கோடு விழும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

இனி ஆணிக்கணக்கு. கோட்டுயரத்தோடு படத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டி, மேல்விளிம்பிலிருந்து வளையம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அதைக் கழிக்கவேண்டும். 90 சென்ரிமீற்றர் உயரப் படம், வளையம் 8 சென்ரிமீற்றர் கீழே என்றால், 148 + 45 – 8 = 185. ஸ்குறூ 185இல் ஏறவேண்டும். பலர் கடைசிக் கழித்தலை மறந்து 193இல் துளைத்துவிட்டு, படம் மேலே ஏறி நிற்கிறதே என்று தலையைச் சொறிவார்கள்.

தங்கூசி வேண்டாம். மீனுக்கு நல்லது, படத்துக்கு ஆகாது. நைலோன் பாரத்தில் மெதுவாக நீளும், அதில் போட்ட முடிச்சு வழுக்கும். மாலையில் நேராக நின்ற படம் காலையில் ஒரு விரற்கடை இறங்கி நிற்கும். ஒற்றை ஆணியில் தொங்கும் படம் மின்விசிறிக் காற்றுக்கே திரும்பிவிடும். பிரேமின் பின்பக்கம் இடமும் வலமும் ஒவ்வொரு டி வளையம் அடித்து, இரண்டு ஸ்குறூவில் நேரடியாக மாட்டுங்கள். கதவடித்தாலும் அசையாது.

சீமெந்துக் கல்லில் கொங்கிறீற் ஆணியைச் சுத்தியலால் அடித்தால் பூச்சு தட்டுத்தட்டாக உதிரும். 6 மில்லிமீற்றர் அலகு போட்டு 4 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் துளைத்து, தூசை ஊதி வெளியேற்றி, றோல் பிளக் இறுக்கி, ஒன்றரை அங்குல ஸ்குறூ ஏற்றுங்கள். உள்ளே கல்லின் வெற்றிடம் அகப்பட்டால் பிளக் சும்மா சுற்றும். அந்த ஓட்டையோடு மல்லுக்கட்டாமல் 5 சென்ரிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்து மீண்டும் துளையுங்கள். படம் அந்த ஓட்டையை மறைக்கும்.

உரிமையாளர் துளைக்கவே விடமாட்டார் என்றால் தனித்து நிற்கும் பலகை செய்யவேண்டும். 8 அடிக்கு 4 அடி, 12 மில்லிமீற்றர் பிளைவூட் இரண்டை, பின்னால் 2 அங்குலச் சட்டம் அடித்து, மேலே பிணைச்சல் போட்டுக் கூடார வடிவில் விரித்து நிறுத்தினால் இரு பக்கமும் பாவிக்கலாம். கீழே கால் சறுக்காமல் ஒரு கயிற்றால் இரண்டையும் தொடுத்து, உரப்பையில் 10 கிலோ மணல் கட்டி ஒவ்வொரு மூலையிலும் வையுங்கள். சோளகம் பலமாக அடிக்கும் மாதங்களில் மணல் இல்லாத பலகை திறந்த கதவுக்கு எதிரே நிற்காது. இருபக்க ஒட்டு நாடாவை நம்பவே வேண்டாம். சுண்ணாம்படித்த சுவரில் அது சுவரை விட்டு மாவோடு கழன்று வரும்; எமல்ஷன் பூசிய சுவரிலும் மத்தியான வெக்கைக்கு இளகும்.

கேள்வி: கலைநடையை எந்த மாதத்தில், எத்தனை இடத்தில், எவ்வளவு தூரத்தில் வைப்பது? கரடிப்போக்குச் சந்தியிலிருந்து டிப்போச் சந்திவரை பதினைந்து இடம் பார்த்திருக்கிறோம்.
– வாசகர், கிளிநொச்சி

பதில்: அவ்வளவு நீளத்தில் நடந்தால் அது கலைநடை அல்ல, பாதயாத்திரை. முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடையில் 800 மீற்றருக்கு மேல் போகாதீர்கள். ஓரிடத்தின் வாசலில் நிற்கும்போது அடுத்த இடத்தின் வெளிச்சமோ கொடியோ கண்ணுக்குத் தெரியவேண்டும். இடையில் 100 மீற்றருக்கு மேல் இருட்டு வந்தால் சனம் அங்கிருந்தே திரும்பிவிடும். ஓரிடத்துக்குப் பத்து நிமிடம், நடைக்கு மூன்று நிமிடம் என்று கணக்குப் போட்டால் இரண்டு மணித்தியாலத்தில் ஒன்பது இடம் பார்க்கலாம். தேநீருக்கும் கதைக்கும் நேரம் விட்டு ஏழு, எட்டு இடம் வையுங்கள்.

ஏ-9 வீதியை எத்தனை முறை குறுக்கே கடக்கவேண்டி வருகிறது என்பதை முதலில் எண்ணுங்கள். பஸ்களும் பாரவாகனங்களும் ஓடும் பாதை அது; குழந்தைகளோடு வருகிறவர்கள் ஒருதரம் கடப்பார்கள், இரண்டாந்தரம் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். எல்லா இடங்களும் வீதியின் ஒரே பக்கத்தில், அல்லது உள்ளொழுங்கை ஒன்றில் அமைவது நல்லது. ஏ-9 வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியது. அதன் ஓரத்தில் வளைவு கட்ட, மேசை போட எண்ணினால் அவர்களிடமும் பொலிஸிடமும் போகவேண்டும். உள்ளொழுங்கை என்றால் பெரும்பாலும் கரைச்சிப் பிரதேச சபையோடு அலுவல் முடிந்துவிடும். ஒலிபெருக்கி பாவிப்பதற்குப் பொலிஸ் அனுமதி எங்கேயானாலும் தேவை. கடிதத்தை ஒரு மாதம் முந்திக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒவ்வோர் இடத்திலும் இருக்கட்டும்.

காலத்தைத் தெரிவதில் நம்மிடம் மழை, வயல், நினைவு என்று மூன்று கணக்கு இருக்கிறது. ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி நடுப்பகுதிவரை வாடைக்கால மழை. தாள் வேலைகளில் பூஞ்சணம் பிடிக்கும், பிரேமுக்குள் ஈரம் நிற்கும். ஜனவரி கடைசியிலிருந்து பெப்ரவரி முழுவதும் காலபோக அறுவடை, வீட்டில் ஆளிருக்காது. மே 18ஐ ஒட்டிய நினைவேந்தல் வாரமும் நவம்பர் 27ஐ ஒட்டிய நாட்களும் வேண்டாம் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15இல் மடு மாதா திருவிழா. ஜூன் தொடக்கம் செப்ரெம்பர்வரை சோளகப் புழுதி. கழித்துப் பார்த்தால், மிஞ்சுவதில் மார்ச் மாதம் தோது. அதிலும் பரீட்சை அட்டவணையைப் பார்த்து ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள்.

மார்ச்சில் சூரியன் மாலை 6.20 அளவில் மறையும். 4.30க்குத் திறந்து 8.00க்கு மூடுங்கள். வெளியூரில் ஒன்பது, பத்து மணிவரை நடத்துகிறார்கள் என்று பார்த்துச் செய்யாதீர்கள். உள்ளூர்ப் பாதைகளில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று டிப்போவில் கேட்டு, அதை வரைபடத்தின் பின்பக்கம் அச்சிடுங்கள். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பிப் போகிறவர்களுக்கு இரவில் யானைப் பயமும் உண்டு.

வரைபடம் ஏ4 தாளில், ஒரு பக்கம், இலக்கமிட்ட புள்ளிகளோடு போதும். வடக்குத் திசை காட்டுவதைவிட முக்கியம் மலசலகூடம் எங்கே, குடிதண்ணீர் எங்கே, மோட்டார் சைக்கிள் எங்கே விடுவது என்று காட்டுவது. அதே இலக்கத்தை ஒவ்வொரு வாசலிலும் ஓரடி உயர எழுத்தில் மாட்டுங்கள்.

கேள்வி: கடைக்குள் இரண்டு ரியூப் லைற் மட்டுமே இருக்கிறது. கரண்ட் போனால் என்ன செய்வது?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: ரியூப் லைற் தரைக்கு வெளிச்சம் தரும், சுவருக்குத் தராது, கண்ணாடி போட்ட படத்தில் அதன் வெள்ளைக்கோடு மட்டும் தெரியும். அதை நிறுத்திவிட்டு 7 வற் எல்.ஈ.டி. குவிவிளக்குகளைப் படத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். பெட்டியில் இரண்டு இலக்கம் பாருங்கள்: 3000 கே என்பது வெளிச்சத்தின் மஞ்சள்தன்மை, சி.ஆர்.ஐ. என்பது நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பது. இரண்டாவது 90க்குக் குறைந்தால் சிவப்பும் தோல்நிறமும் செத்துப்போகும். மலிவுப் பல்பில் அந்த இலக்கமே போட்டிருக்காது.

விளக்கைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போடுவது? ஒளி செங்குத்திலிருந்து 30 பாகை சரிந்து படத்தின் நடுவில் விழவேண்டும். விளக்கு 270 சென்ரிமீற்றர் உயரத்தில், படநடு 148இல் என்றால் இடைவெளி 122, அதில் 0.58 பங்கு, சுமார் 70 சென்ரிமீற்றர். சுவருக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனால் பிரேமின் நிழல் படத்தில் விழும். தூரப்போனால் பார்ப்பவரின் தலைநிழல் விழும். கூரை வெறும் தகரமென்றால் இரண்டு தீராந்திக்கு நடுவில் 2 அங்குல றீப்பை ஒன்றை அந்தத் தூரத்தில் கட்டி, அதில் விளக்குகளைக் கௌவவிடுங்கள்.

20 விளக்கும் சேர்ந்து 140 வற். நம்முடைய 230 வோல்ற்றில் ஓர் அம்பியருக்கும் குறைவு, ஒரே பிளக் தாங்கும். ஆபத்து பாரத்தில் இல்லை, வயரை முறுக்கிச் சலோரேப் சுற்றும் இணைப்புகளில் இருக்கிறது. இணைப்புக்கு ஸ்குறூ வைத்த கனெக்ரர் பாவியுங்கள். தேநீர்க் கேத்திலை வேறு பிளக்கில் போடுங்கள். அது ஒன்றே 1500 வற்றுக்கு மேல் இழுக்கும், ட்றிப் சுவிட்ச் விழுந்தால் கண்காட்சியும் சேர்ந்து இருளும்.

கரண்ட் போனால்: 12 வோல்ற், 100 அம்பியர்-மணி ஈய பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம். இன்வேட்டரின் இழப்பும் போக 140 வற்றுக்கு மூன்றரை மணித்தியாலம் வரும். உங்கள் மாலைக்கு அது அளவாகப் போதும். ஜெனரேற்றரை வாசலில் வைத்தால் புகையும் சத்தமும் உள்ளே வரும். வைப்பதென்றால் பின்வளவில், காற்றுக்குக் கீழ்ப்பக்கம்.

இன்னொன்று: சூரியன். ஏ-9இன் கிழக்குப் பக்கக் கடைகள் மேற்குப் பார்த்தவை. 4.30 மணி வெயில் நேரே உள்ளே பாயும். நீர்வர்ணத்தையும் தாள் வேலைகளையும் கதவுக்கு எதிரே உள்ள உள்சுவரில் மாட்டாமல் பக்கச்சுவரில், கதவிலிருந்து தள்ளி மாட்டுங்கள். அவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே போதும். எண்ணெய், அக்ரிலிக் 200 வரை தாங்கும்.

மழை பெய்த மறுநாள் ஈசல் வந்தால் உள்விளக்கை அணைக்க வேண்டாம். வாசலிலிருந்து 20 அடி தள்ளி வெள்ளை வெளிச்சமாக ஒரு பல்பை எரியவிடுங்கள், பெரும்பகுதி அங்கே போய்விடும். காயாத எண்ணெய் வர்ணப் படத்தை அன்று சுவரில் வைக்காதீர்கள்.

கேள்வி: தொடக்க விழாவுக்கு எத்தனை பேரைப் பிரதம, சிறப்பு, கௌரவ விருந்தினராக அழைக்கலாம்?
– வாசகர், முள்ளியவளை

பதில்: ஒருவரையும் அழைக்காமல் விடலாம். கலைநடைக்கு மேடை கிடையாது. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை என்று தொடங்கினால் மூன்றரை மணித்தியாலத்தில் ஒன்றரை போய்விடும். அந்நேரம் மற்ற ஏழு இடங்களிலும் ஆளிராது. தவிர்க்கவே முடியாத இடமென்றால் 4.15க்கு விளக்கேற்றி, ஐந்து நிமிடத்தில் முடித்து, விருந்தினரையே முதல் நடையாளராகக் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள். கதிரை போடாதீர்கள். கதிரை இருந்தால் பேச்சு வரும். முதியோருக்கு மட்டும் ஓரமாக நான்கு போதும்.

கேள்வி: விலை போடுவதில் குழப்பம். எனக்கு 20,000 ரூபா கையில் வரவேண்டும். கூடம் 30 வீதம் எடுக்கும் என்கிறார்கள். 26,000 என்று போட்டால் சரிதானே? புலம்பெயர்ந்த உறவினர் ஒருவர் வாங்க விரும்புகிறார், அனுப்புவது எப்படி?
– வாசகி, தர்மபுரம்

பதில்: 26,000இல் 30 வீதம் 7,800. உங்களுக்கு வருவது 18,200. கழிவு விற்கும் விலையின் மேல் எடுக்கப்படுவதால் 20,000ஐ 0.7ஆல் பிரிக்கவேண்டும், 28,571 வரும். 29,000 என்று போடுங்கள், 20,300 கையில் கிடைக்கும். பிரேமுக்குச் செலவழித்ததையும் பிரிப்பதற்கு முன்பே 20,000த்தோடு கூட்டியிருக்கவேண்டும். உறவினருக்குக் கூடத்துக்கு வெளியே குறைத்து விற்காதீர்கள். கதை பரவினால் அடுத்தமுறை எவரும் கூடத்தின் விலைக்கு வாங்கமாட்டார்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும், இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து. படத்தின் பெயர், அளவு, விலை, கழிவு வீதம், எந்தத் திகதி முதல் எந்தத் திகதிவரை, உடைந்தால் யார் பொறுப்பு, விற்ற காசு எத்தனை நாளில் வரும். 30 நாள் நியாயம். படம் ஒப்படைக்கும்போதே நான்கு மூலைகளையும் கைபேசியில் படமெடுத்துவையுங்கள், கீறல் முந்தியே இருந்ததா என்ற வழக்கு அங்கேயே முடியும். விற்றாலும் பதிப்புரிமை உங்களுடையதே: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது படைத்தவரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் செல்லும். வாங்கியவர் சுவரில் மாட்டலாம். நாட்காட்டியில் அச்சடிப்பதற்கு உங்களைக் கேட்கவேண்டும்.

விற்றதற்கு அடையாளம் பெயர்ச்சீட்டில் ஒரு சிவப்புப் பொட்டு. முற்பணம் மட்டும் தந்தவருக்குப் பச்சை. வாய்ச்சொல்லுக்கு எந்தப் பொட்டும் இல்லை.

அனுப்புவதற்கு: அக்ரிலிக் கன்வஸைச் சட்டத்திலிருந்து கழற்றி, வர்ணப்பக்கம் வெளியே தெரியுமாறு 4 அங்குல பி.வி.சி. குழாயில் சுற்றுங்கள். உள்ளே பார்த்துச் சுற்றினால் வர்ணம் நெருங்கி மடிந்து, விரிக்கும்போது வெடிக்கும். வர்ணத்துக்கு மேல் பட்டர் பேப்பர், அதற்கு மேல் பஞ்சுத்தாள், பிறகு சற்றுப் பெரிய குழாய்க்குள் விட்டு மூடி. பத்திரிகைத் தாள் சுற்றினால் மை ஒட்டும். கத்தியால் தடிப்பாக அப்பிய எண்ணெய்ப் படத்தைச் சுற்றவே கூடாது, தட்டையாகப் பெட்டியில்தான் போகவேண்டும்.

கேள்வி: பெயர்ச்சீட்டு எப்படி எழுதுவது? சென்றமுறை அச்சகத்தில் கொடுத்த தமிழில் கொம்பும் அரவும் இடம்மாறி வந்தன.
– வாசகர், வவுனியா

பதில்: யூனிகோட்டில் தட்டிய எழுத்தைப் பாமினி எழுத்துருவில் வேலைசெய்யும் அச்சகம் திறந்தால் அப்படித்தான் வரும். எழுத்துக் கோப்பைக் கொடுக்காமல் பி.டி.எவ். ஆக்கிக் கொடுங்கள். சிங்களத்துக்கும் அதே விதி.

முதல் வரியில் கலைஞர் பெயர், அடுத்து படத்தின் தலைப்பு, ஆண்டு, அடுத்து ஊடகம், அடுத்து அளவு, உயரம் முதலில் அகலம் பின்னால், கடைசியில் விலை. எழுத்து 18 புள்ளிக்குக் குறைய வேண்டாம், படத்தின் வலப்பக்கம், தரையிலிருந்து 130 சென்ரிமீற்றரில். அச்சுப் படமென்றால் 3/20 என்று பிரதி இலக்கம் வரவேண்டும், இருபதில் மூன்றாவது என்று பொருள். அதற்குமேல் ஒரு பிரதியும் எடுக்கக்கூடாது. ஒவ்வொருவரின் அறிமுகமும் எண்பது சொல்லுக்குள். பெற்ற பரிசுகளின் பட்டியல் வேண்டாம். என்ன பொருளால், எப்படிச் செய்தது என்று எழுதினால் சனம் நின்று வாசிக்கும்.

கேள்வி: பளைப் பக்கம் காணிகளில் கிடக்கும் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளைச் சேர்த்து ஒரு நிறுவல் செய்ய எண்ணுகிறேன். அத்தோடு காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரின் முகங்களைப் படமெடுத்துப் பெரிதாக்கி வாசலில் வைக்கவும் விருப்பம்.
– வாசகர், பளை

பதில்: இரும்பைத் தொடாதீர்கள். முகமாலை, பளைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்டகாலம் நடந்துவரும் நிலம். துருவேறிய துண்டு எது, வெடிக்காத பொருள் எது என்று கண்ணால் பிரிக்கமுடியாது. துரு ஏறினால் வெடிமருந்து செத்துவிடும் என்பது தவறு. கண்டால் தூக்காமல், அடையாளம் வைத்து, பொலிஸுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ சொல்லுங்கள். பழைய இரும்புக் கடையில் வாங்கினாலும் குழாய்போல் இருபக்கமும் அடைத்த எதையும் எடுக்க வேண்டாம், அதை வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். தகரம், வீட்டுச் சாமான், உழவு இயந்திர உதிரி என்று என்னவென்று தெரிந்த பொருளில் செய்யுங்கள்.

முகங்கள் பற்றி: கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் அந்தத் தாய்மார் வீதியோரம் உட்காரத் தொடங்கியதிலிருந்து அவர்களை எத்தனையோ கமராக்கள் எடுத்துப் போய்விட்டன. எடுத்த படத்தை அவர்களிடம் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டியவர்கள் குறைவு. நீங்கள் முதலில் அதைச் செய்யுங்கள். எவ்வளவு பெரிதாக, எந்த இடத்தில், எத்தனை நாள், பெயரோடா பெயரில்லாமலா என்று அச்சிட்ட படத்தையே கையில் கொடுத்துக் கேளுங்கள். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அந்தக் கடிதத்தில், நடுவில் மனம் மாறினாலும் படம் அன்றே இறக்கப்படும் என்ற வரி இருக்கவேண்டும். விற்பனைக்கு வைக்காதீர்கள். வாசலில் வேண்டாம், உள்ளே வைக்கலாம்: தெருவில் போகிற எல்லோரும், அவர்களைக் கண்காணிக்க வருகிறவர்களும், பார்க்கும் இடம் வாசல். பார்வையாளர் கைபேசியில் எடுக்கக்கூடாது என்று அந்தச் சுவருக்கு மட்டும் எழுதிவைத்து, பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். எதிரே ஒரு வாங்கு போடுங்கள். பார்க்க வருகிற தாய்மாருக்கு உட்கார இடம் வேண்டும்.

கேள்வி: சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு என்ன ஒழுங்கு செய்யலாம்? கடைக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது.
– வாசகி, மல்லாவி

பதில்: படி 6 அங்குலமென்றால் சாய்தளம் 6 அடி நீளம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு. இதற்குக் குறைத்தால் பின்னாலிருந்து ஒருவர் தள்ளவேண்டி வரும், இறங்கும்போது நாற்காலி ஓடும். 18 மில்லிமீற்றர் பிளைவூட், கீழே மூன்று சட்டம், மேலே வர்ணத்தோடு மணல் தூவி வழுக்காமல் ஆக்குங்கள். அகலம் 3 அடியாவது வேண்டும், இரு விளிம்பிலும் 2 அங்குல றீப்பை அடித்தால் சில்லு கீழே விழாது. உள்ளே பலகைகளுக்கு இடையில் 4 அடி வழி, நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் ஓரிடத்திலாவது. எந்தெந்த இடத்தில் சாய்தளம் உண்டென்பதை வரைபடத்திலும் குறியுங்கள். நம் ஊரில் இது ஒருசிலருக்கான வசதி அல்ல.

கேள்வி: கலைநடை என்பது எங்கே தொடங்கியது? கொழும்பு கலாபொலவும் இதுதானா?
– வாசகர், மாங்குளம்

பதில்: அமெரிக்காவின் சியாட்டில் நகரில், பயனியர் சதுக்கப் பகுதிக் கூடங்கள் 1980களின் தொடக்கத்தில் மாதத்தின் முதல் வியாழன் இரவில் சேர்ந்து கதவு திறக்கத் தொடங்கியது பழைய முன்மாதிரிகளில் ஒன்று. கலாபொல வேறு. அது ஜோர்ஜ் கீற் அறக்கட்டளை 1993இல் தொடங்கிய தெருச்சந்தை. ஓவியர்கள் வீதியோரத்தில் தங்கள் படங்களோடு தாங்களே இருந்து விற்பார்கள். சந்தையில் சனம் ஓவியரைப் பார்க்கிறது, நடையில் இடத்தையும் பார்க்கிறது. கூடமே இல்லாத ஊருக்குப் பூட்டிய கடைகளைத் திறக்கும் இரண்டாவது வழி பொருந்தும்.

கேள்வி: முடிந்தபின் கடையை எப்படித் திருப்பிக் கொடுப்பது?
– வாசகர், உருத்திரபுரம் (முதற் கேள்வி கேட்டவர்)

பதில்: ஸ்குறூவைக் கழற்றியபின் றோல் பிளக்கை இடுக்கியால் இழுங்கள். வராவிட்டால் ஸ்குறூவை இரண்டு சுற்று மட்டும் திரும்ப ஏற்றி, அதைப் பிடித்து இழுத்தால் பிளக்கும் கூடவரும். துளையை நனைத்து, சுவர்ப் புட்டியைச் சற்று மேலெழுமாறு நிரப்பி, மறுநாள் 120 இலக்க உப்புத்தாளால் தேயுங்கள். அன்றே தேய்த்தால் நடுவில் குழிவிழும். உரிமையாளர் அடித்த எமல்ஷன் நிறம் என்ன இலக்கம் என்று ஆணியடிக்கும் முன்பே கேட்டு வைத்திருந்தால் ஒரு லீற்றர் போதும். கேட்கவில்லையென்றால் ஓட்டைகளுக்கு மட்டும் பூசாதீர்கள், திட்டுத்திட்டாகத் தெரியும். மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதையும் ஒருகை பூசிக்கொடுங்கள்.